திருத்தாமல் ஏற்றுக்கொண்ட வரிகள்

சுனாமி வந்த அடுத்த வருடம் எங்கள் பயிற்சி நிலையத்துக்கு ஒரு லொறி நிறையக் கணினிகள் வந்து இறங்கின. செங்கலடிச் சந்தியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது நிலையம். கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் வயலும் வீடுகளும் இருந்தன. அலை வந்த அன்று எங்கள் தெருவில் ஒருவருடைய செருப்புக்கூட நனையவில்லை. ஆனாலும் ஒவ்வொரு கணினியின் முகப்பிலும், சுனாமியால் பாதிக்கப்பட்டவர்களுக்கான உதவி என்று ஆங்கிலத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. தொழில்நுட்ப உதவியாளராக அங்கே இருந்தவள் நான் ஒருத்திதான். பெட்டிகளைப் பிரித்து, மேசைகளில் அடுக்கி, வயர் இழுத்ததெல்லாம் நான். ஸ்டிக்கர் ஒன்றை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பாதி கிழிந்து, பாதி ஒட்டிக்கொண்டு, முன்னையைவிட அசிங்கமாயிற்று. மற்றவற்றை அப்படியே விட்டுவிட்டேன்.

பயிற்சிக்கு வந்தவர்களில் பனிச்சங்கேணிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அலையில் தாயையும் தங்கையையும் பறிகொடுத்தவள். சந்திக்கு அருகில் உறவுக்காரர் வீட்டில் தங்கிப் படித்தாள். வெளிநாட்டில் இருந்த சித்திக்கு முதன்முதலாக ஒரு மின்னஞ்சல் எழுத வேண்டும் என்று கேட்டாள். ஒரு கணினி முன்னால் இருக்கச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி நெடுநேரம் எழுதினாள். அனுப்புகிற நேரம் பார்த்து கரண்ட் ஒருதரம் போய் வந்தது. கண் மூடித் திறக்கிற நேரம்தான். கணினி அணையவில்லை. ஆனால் இணைப்பு செத்துப்போயிற்று, அவள் எழுதியதும் அதோடு போயிற்று.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இதுவும் போயிற்றா, மிஸ்?" என்று கேட்டாள்.

குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. நாளைக்குச் சரியாக்கித் தருகிறேன் என்றேன். எப்படிச் சரியாக்குவது என்று எனக்குத் தெரியாது. அந்த ஸ்டிக்கர் அவளுடைய முகத்துக்கு நேரே இருந்தது. நான் எழுந்து வெளியே போய், தண்ணீர்த் தாங்கிப் பக்கம் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

எங்கள் ஊரில் கரண்ட் அப்படிப் போய் வருவது புதினமில்லை. கணினிகள் தாக்குப் பிடிக்கும். எல்லா வயர்களும் வந்து சேருகிற சின்னப் பெட்டி மட்டும் அணைந்து மறுபடி எரியும். பெட்டி திரும்பி வந்தாலும் கணினிகளுக்கு இணைப்பு திரும்பவில்லை. ஒவ்வொன்றையும் அணைத்துப் போட வேண்டியிருந்தது. நாங்கள் போட்டிருந்தது காசில்லாமல் கிடைக்கிற இயங்குதளம். கணினிக்குள் செருகியிருக்கும் நெட்வேர்க் கார்டோடு எப்படிப் பேசுவது என்று அதற்குச் சொல்லிக் கொடுக்கிற நிரலுக்கு ட்ரைவர் என்று பெயர். அந்தக் கார்டைச் செய்தது யார் என்றுகூட அதில் எழுதியிருக்கவில்லை. அதற்கான ட்ரைவரை யாரோ ஒருவர் எப்போதோ எழுதிப் பிறகு கைவிட்டிருந்தார்.

அந்த நிரலை அச்சிட்டு எடுத்துப் படித்தேன். ட்ரைவர் எழுதிப் பழகியவள் இல்லை நான். வகுப்புகள் முடிந்தபிறகு கதவைச் சாத்திவிட்டு, சின்னப் பெட்டியின் வயரைப் பிடுங்குவேன், செருகுவேன், என்ன நடக்கிறதென்று பார்ப்பேன். இருட்டுவதற்கு முன்னால் வீட்டுக்கு ஓட வேண்டும். பல கிழமைகளுக்குப் பிறகு விஷயம் பிடிபட்டது. இணைப்பு அறுந்து திரும்பி வரும்போது, வயரிலிருந்து தகவலை வாங்குகிற பகுதி நின்றது நின்றபடியே நின்றுவிடுகிறது. அதைத் தட்டி எழுப்ப வேண்டும். முன்பு எழுதியவருடைய ஊரில் இப்படிக் கரண்ட் போய் வந்திருக்காது போல. அவர் அதை யோசிக்கவே இல்லை.

சில வரிகள் சேர்த்தேன். வயரைப் பிடுங்கிச் செருகினேன். இணைப்பு தானாகத் திரும்பி வந்தது. ஆனால் அதற்குள் அந்தப் பனிச்சங்கேணிப் பெண் பயிற்சி முடித்துப் போய்விட்டாள். சித்திக்கு எழுதினாளா என்பது எனக்குத் தெரியாது.

அந்த வரிகளை எல்லோருக்குமான நிரலில் சேர்க்க, அந்த இயங்குதளத்தைச் செய்கிறவர்களுடைய மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்ப வேண்டும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கிற குழு அது. என் ஆங்கிலத்தை முதலில் கடதாசியில் எழுதி, அகராதி பார்த்துத் திருத்தினேன். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்த என் கணவருக்கு என்னைவிட ஆங்கிலம் வரும். அவரிடம் காட்ட வெட்கமாக இருந்ததால் காட்டவில்லை. முதலெழுத்தும் அப்பாவின் பெயரும் மட்டும் போட்டு அனுப்பினேன். முதலில் பதில் போட்டவர், வேறு நல்ல கார்ட் வாங்கினால் என்ன என்று கேட்டிருந்தார். எங்களால் முடியாது என்று எல்லோருக்கும் தெரிய எழுத வேண்டியிருந்தது.

நெட்வேர்க் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் எங்கோ குளிர்நாட்டுக்காரர். அவர் என் வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கிழித்தார். இடைவெளி பிழை, வைத்த பெயர்கள் பிழை, ஓரிடத்தில் முழுக் கணினியையும் காக்க வைக்கிறேன், இதை ஏற்க முடியாது. காது சுட்டது. வகுப்பில் எல்லோர் முன்னாலும் கொப்பியைத் தூக்கிக் காட்டிய மாதிரி இருந்தது. திருத்தி அனுப்பினேன். மறுபடி திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன். மாரி மழை பிடித்த நாட்களில் அவரிடமிருந்து ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது: ஏற்றுக்கொண்டேன். அன்றைக்கு என் கணவருக்கு நான் ஏன் சிரிக்கிறேன் என்று விளங்கவில்லை.

கொஞ்ச காலத்தில் அவரே கேட்டார், இந்த ட்ரைவரைப் பார்க்க ஆளில்லை, உங்கள் பெயரைப் பராமரிப்பாளர் என்று போடலாமா என்று. எழுதும்போது என்னை ஆணாகவே நினைத்து எழுதினார். நான் திருத்தவில்லை. என் ஊரும் அவருக்குத் தெரியாது. எழுதிய வரியைத் தவிர அங்கே என்னிடம் வேறொன்றும் இல்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது. கரண்ட் போய் வருகிற ஊர்கள் உலகத்தில் நிறைய இருக்கின்றன என்பதும் அப்போதுதான் தெரிய வந்தது. எங்கெங்கோ இருந்து முறைப்பாடு வரும். நான் பதில் எழுதுவேன்.

பிறகு ஆமிக்கும் புலிகளுக்கும் சண்டை திரும்பி வந்தது. வாகரைப் பக்கத்துச் சனம் முதலில் இடம்பெயர்ந்து வந்தது. அடுத்த வருடம் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலும் ஷெல் விழத் தொடங்கியது. அங்கே வவுணதீவில் என் அண்ணன் இருந்தார். அவரும் மச்சாளும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாடுகளை அவிழ்த்து விட்டுவிட்டு வந்ததாக மச்சாள் சொன்னா.

எங்கள் வீடு எனக்குச் சீதனமாகக் கட்டிய வீடு. அப்பா காலமாகிவிட்டதால் அண்ணன்தான் கட்டித் தந்தார். வயல் வட்டையில் விளைந்த நெல்லை விற்றுக் கல்லும் சீமெந்தும் இறக்கினார்; மேசனோடு நின்று கல் எடுத்துக் கொடுத்தார். அந்த வீட்டுக்குள் இப்போது அவர் விருந்தாளியைப்போல் நடந்தார். கதிரையின் நுனியில் இருப்பார். விடிந்ததும் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் வெளிக்கிட்டுப் போவார். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டால் வெளியில் சாப்பிட்டேன் என்பார். பள்ளிக்கூடத்து முகாமில் உணவுப் பொதிக்கு அவர் வரிசையில் நின்றதை என் கணவர் ஒருநாள் கண்டுவிட்டு வந்து சொன்னார். நான் இன்னும் கூடுதலாகக் கவனித்தேன். மீன் ஆணத்தில் நல்ல துண்டாகப் பார்த்து அவருடைய சோற்றுக் கோப்பையில் வைத்தேன்.

அந்த நாட்களில் ட்ரைவரில் ஒரு பெரிய பிழை வெளிப்பட்டது. எங்கோ ஒரு தேசத்துப் பள்ளிக்கூடத்தில் கணினிகள் திடீர் திடீரென்று உறைந்துபோயின. காரணம் நான் எழுதிய பகுதிதான் என்று எனக்கு உடனே விளங்கியது. கார்டைத் தட்டி எழுப்புகிற அதே நேரத்தில் புதிய தகவல் ஒன்று வந்தால், இரண்டு வேலைகளும் ஒரே பானைக்குள் கையை விட்ட மாதிரி ஆகிவிடும். அதைத் தடுக்க ஒரு பூட்டுப் போட வேண்டும். ஒன்று முடியும்வரை மற்றது வெளியில் நிற்க வேண்டும். அதற்கு ஆறுதலாக இருந்து யோசிக்க வேண்டும். எங்களுக்கோ கரண்ட் இல்லை, நிலையம் பாதி நாள் பூட்டு. ஷெல் சத்தத்தில் வீட்டின் கண்ணாடிகள் அதிர்ந்தன.

கிழமைகள் போயின. முறைப்பாடு செய்தவர் பொறுமை இழந்து, இந்தப் பராமரிப்பாளர் உயிரோடு இருக்கிறாரா என்று எல்லோரும் பார்க்க எழுதினார். அதைப் படித்தபோது எனக்கு ஒரு வேகம் வந்தது. உண்மையை எழுதினேன். எங்கள் ஊர்ப் பெயர், இரவில் நடக்கிற ஷெல் அடி, இடம்பெயர்ந்து வந்திருக்கும் அண்ணன் குடும்பம், கரண்ட் இல்லாதது, நான் ஒரு பெண் என்பது. அகராதி பார்க்கவில்லை. அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்தமுறை நிலையம் திறந்தபோது மின்னஞ்சல் குவிந்து கிடந்தது. முறைப்பாடு செய்தவர் மன்னிப்புக் கேட்டிருந்தார். முன்பின் தெரியாதவர்கள் பிரார்த்திப்பதாக எழுதியிருந்தார்கள். ஒருவர் ஒரு கணினி அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தார். குளிர்நாட்டுக்காரர், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். உடம்பு கூசியது. தெருவில் என் சேலை அவிழ்ந்து நின்ற மாதிரி இருந்தது. ஆனால் உள்ளே ஒரு மூலையில் அது இதமாகவும் இருந்தது. அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

அன்றைக்கே ஒரு திருத்தம் எழுதி அனுப்பினேன். பூட்டுப் போட நேரமில்லை. பூட்டுக்குப் பதிலாக, தட்டி எழுப்புவதற்கு முன் கொஞ்சம் பொறு என்று ஒரு தாமதத்தை மட்டும் வைத்தேன். பிழை அபூர்வமாகுமே தவிர போகாது. எப்படியும் அவர் கிழித்துத் திருப்பி அனுப்புவார், அதற்குள் கரண்ட் வந்தால் ஒழுங்காகச் செய்யலாம் என்று நினைத்தேன். அதிகப்படியான ஒரு இடைவெளிக்கே திருப்பி அனுப்புகிற மனிதர் அவர்.

மறுநாளே பதில் வந்தது. ஏற்றுக்கொண்டேன், நன்றி, கவனமாக இருங்கள்.

அந்த வரியைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. அவருக்கு அந்தத் தாமதம் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தும் விட்டிருக்கிறார். இனிமேல் நான் எதை அனுப்பினாலும் அவர் வாங்கி வைத்துக்கொள்வார் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து சமைத்தேன். அண்ணனுக்குச் சோறு போட்டு, மீனைத் தெரிந்தெடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது மச்சாள் என் கையைப் பிடித்தா. குசினிக்குள் நாங்கள் இருவர்தான்.

"மச்சாள், குறை நினைக்காதீங்க. நீங்க இப்படிப் பொறுக்கிப் பொறுக்கி வைக்கிறது அவருக்குத் தொண்டைக்குள்ள இறங்குதில்ல. முந்தி வந்தா ஏசுவீங்களே, சேறோட வீட்டுக்குள்ள வாறதெண்டு. இப்ப ஒருக்காலும் ஏசுறீங்களில்ல."

நான் மீன்துண்டைச் சட்டிக்குள் திரும்பப் போட்டேன். அதுவும் பிழையான காரியமாகத் தோன்றியது.

அடுத்த நாள் குளிர்நாட்டுக்காரருக்குத் தனியாக எழுதினேன். அந்தத் தாமதம் சரியான வழி இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை எடுத்துவிடுங்கள். முன்பு பார்த்த மாதிரியே என் வரிகளைப் பாருங்கள். இதை எழுதி முடிக்க எனக்கு ஒரு முழுக் காலை பிடித்தது.

வீட்டில் அண்ணனிடம், பின்வேலி விழுந்து கிடக்கிறது, சும்மா திரிகிற நேரத்தில் அதைக் கட்டக் கூடாதா என்று கேட்டேன். நடிக்கிறேன் என்பது என் குரலிலேயே தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் கத்தியை எடுத்துக்கொண்டு போனார். வேலியை மிக நன்றாகக் கட்டினார். அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, கை கழுவிவிட்டு வந்து சொன்னார்:

"நாங்க முகாமுக்குப் போறம் புள்ள."

"ஏன் அண்ணன், இஞ்ச என்ன குறை?"

"குறை ஒண்டும் இல்ல. அதுதான் ஏலாம இரிக்கு." பிறகு சொன்னார்: "அங்க எல்லாரும் ஒண்டுதானே. ஒருத்தர ஒருத்தர் பாக்க மாட்டாங்க."

நான் அழுதேன், கணவர் மறித்தார், மச்சாள் பையைக் கட்டினா. அவர்கள் போனார்கள். கூடப்பிறந்தவளின் வீடு இருக்க, அந்த வீட்டைக் கட்டியவர் முகாமில் தறப்பாள் கூரைக்குக் கீழே இருந்தார். தெருவில் கேட்டவர்களுக்கு, முகாமில் இருந்தால்தான் முதலில் ஊருக்கு விடுவார்கள் என்று சொன்னேன். அது முழுப்பொய்யும் இல்லை. ஆனால் கேட்டவர்கள் தலையாட்டிய விதத்தில் அவர்கள் அதை நம்பவில்லை என்பது தெரிந்தது. சந்தைக்குப் போகிற பாதையைக் கொஞ்ச நாள் மாற்றிக்கொண்டேன்.

அதே கிழமையில் குளிர்நாட்டுக்காரரின் பதில் வந்தது. தாமதத்தைக் கண்டதாகவும், பிறகு தானே சத்தமில்லாமல் திருத்திவிடலாம் என்று இருந்ததாகவும் ஒப்புக்கொண்டிருந்தார். உங்களிடம் கேட்காமல் அப்படி நினைத்தது பிழை என்று எழுதியிருந்தார். கீழே பக்கம் பக்கமாக என் நிரலின் பிழைகள். முதன்முதலில் நான் எழுதி அவர் ஏற்றுக்கொண்ட வரிகளைக்கூட விடவில்லை. அதைப் படிக்கப் படிக்க எனக்குப் பசித்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு பசித்தது. முகாமில் அண்ணன் கோப்பையோடு வரிசையில் நிற்கிற நேரம் அது. நான் ஒரு கார்டின் பிழைகளைப் படித்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். வெளியில் தெரியாமல் மறைத்துக்கொள்ள வேண்டியது போல இருந்தது அந்தச் சந்தோஷம்.

பூட்டை ஒழுங்காக எழுதினேன். இரண்டு தரம் திரும்பி வந்து மூன்றாம் தரம் ஏறியது. அந்தப் பள்ளிக்கூடத்துக் கணினிகள் பிறகு உறையவில்லை என்று அவர்கள் எழுதினார்கள். வருடத்தின் நடுப்பகுதியில் அண்ணனையும் மச்சாளையும் ஊருக்குத் திரும்ப விட்டார்கள். மாடுகளில் சில தாமாகத் திரும்பி வந்து நின்றனவாம். மாரி வெள்ளாமைக்கு அண்ணன் வயலில் இறங்கிவிட்டார். எங்கள் வீட்டுக்கு வருவார். ஆனால் சாப்பாட்டு நேரத்துக்கு முன் எழும்பிவிடுவார். நானும் மறிப்பதை விட்டுவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, வடக்கில் சண்டை முடிந்த அன்று ஒரு சாமான் வாங்க மட்டக்களப்பு ரவுணுக்குப் போய் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் வெடி கொளுத்துகிற சத்தம். ஆமிச் சென்ரியில் பஸ்ஸைச் சோதனைக்கு மறித்தார்கள். வழக்கம்போல் இறங்க வேண்டுமென்று எல்லோரும் எழுந்தோம். இறங்க வேண்டாம் என்று சைகை காட்டி, ஒரு இளம் ஆமிக்காரன் பெரிய தட்டோடு ஏறினான். சிங்களச் சனம் நல்ல காரியங்களுக்குச் சமைக்கிற பால்சோறு. சதுரம் சதுரமாக வெட்டி, வாழையிலைத் துண்டில் வைத்து ஒவ்வொருவருக்கும் நீட்டினான். சிரித்த முகம். என் முன் இருக்கைக்காரி வாங்கினா. நானும் கையை நீட்டினேன். அவன் பார்த்துக்கொண்டு நின்றதால் ஒரு வாய் வைத்தேன். அவன் அடுத்த வரிசைக்குப் போன பிறகும் தின்றுகொண்டிருந்தேன். முழுவதையும் தின்றுவிட்டேன். அந்த நேரம் வடக்கில் எங்கள் சனத்துக்கு என்ன நடந்து முடிந்திருக்கிறது என்று பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் தெரியும். செங்கலடியில் இறங்கினேன்.

நிலையத்துக்குப் போய்க் கணினியைத் திறந்தேன். குளிர்நாட்டுக்காரரும் இன்னும் சிலரும் எழுதியிருந்தார்கள். செய்தி கேட்டோம், உங்கள் நாட்டில் யுத்தம் முடிந்துவிட்டது, வாழ்த்துக்கள். நன்றி என்று ஒரு சொல் அடித்து அழித்தேன். அப்படியில்லை என்று தொடங்கி அதையும் அழித்தேன். அவருக்கு நான் ஒருமுறை ஊரையும் ஷெல்லையும் எழுதியதால்தானே அவர் இதை நினைவு வைத்து எழுதியிருக்கிறார். அந்த வாழ்த்துக்கு நான் கடைசிவரை பதில் எழுதவில்லை. ட்ரைவரைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் எழுதினேன். அந்தக் கார்டுகள் சந்தையில் இல்லாமல் போகும்வரை இன்னும் சில வருடங்கள் அதைப் பார்த்துக்கொண்டேன். அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை வவுணதீவுக்குப் போனேன். அண்ணன் முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். என்ன திடீரென்று வந்திருக்கிறாய் என்று கேட்டார். பஸ்ஸில் நடந்ததைச் சொன்னேன். கணவரிடம்கூட நான் அதைச் சொல்லியிருக்கவில்லை. அவர் பிடியைக் கீழே வைத்தார்.

"பயத்தில திண்டியா, பசியில திண்டியா?"

"தெரியா, அண்ணன். முழுக்கத் திண்டுட்டன்."

அவர் வாவிப் பக்கம் திரும்பினார்.

"எங்களுக்கும் குடுத்தானுகள், துறையடியில வச்சு," என்றார். "நானும் திண்டன் புள்ள."

மச்சாள் உள்ளிருந்து சாப்பிடக் கூப்பிட்டா. நான் எழும்பவில்லை. அவரும் எழும்பவில்லை. அவ இரண்டாம் தரம் கூப்பிட்ட பிறகு, வா, சோறு ஆறப்போகுது என்று அண்ணன்தான் முதலில் எழும்பினார்.